சிறுநீர்க் கசிவும் தொழுகையும்

(குளிர்காலத்தில் நமது பள்ளிவாசலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மார்கழி, தை மாதங்களில் நமது கொடைக்கானலில் பஜ்ரு ஜமாஅத்தின் ஸஃப்புகள் குறைவதற்குக் குளிர் மட்டுமே காரணம் அன்று. தண்ணீரில் கை வைத்தவுடன் சிறுநீர் முட்டுகிறது, கழிவறை சேருமுன் ஆடை நனைந்துவிடுகிறது என்று முதியவர்கள் சிலர் தாழ்ந்த குரலில் கூறுகின்றனர். கூறாதவர்கள் இன்னும் அதிகம். பெண்களோ இல்லத்தாரிடமும் கூறுவதில்லை.

வெட்கம் எதற்கு? இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தமது மூல நோயைக் கூறியே நபி (ஸல்) அவர்களிடம் விளக்கம் கேட்டார்கள். இயலாதவர் அமர்ந்தும் படுத்தும் தொழலாம் என்ற சட்டம் அக்கேள்வியால் நமக்குக் கிடைத்தது. தொடர் உதிரப்போக்கு குறித்து ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் கேட்டதற்கு, ஒவ்வொரு தொழுகைக்கும் உளூச் செய்து தொழுமாறு பதில் கிடைத்தது. சிறுநீர்க் கசிவுள்ளோருக்கும் ஃபிக்ஹு அறிஞர்கள் இதனையே அடிப்படையாகக் கொண்டனர்.

சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லி வரை கொள்ளக்கூடியது. அது நிரம்புமுன்பே அதன் தசை தானாகச் சுருங்குவதே இந்நோய். குளிரில் சிறுநீர் அதிகம் சுரக்கும். தேநீரும் காப்பியும் அவசரத்தைத் தூண்டும். சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் ஆகியவையும் காரணமாகலாம். எனவே முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பயந்து தண்ணீரை அடியோடு குறைப்பது தவறு. சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும்.

மருந்துக்கு முன் பயிற்சி உண்டு. அவசரம் வந்தவுடன் ஓடாமல் அசையாது நின்று, சிறுநீரை அடக்கும் தசையைச் சில முறை இறுக்கித் தளர்த்தினால் அந்த அலை தணியும். பிறகு நிதானமாக நடக்கலாம். மணிக்கொரு முறை செல்பவர் இடைவெளியைச் சிறிது சிறிதாக, கால் மணி நேரம் வீதம் நீட்ட வேண்டும். குறைந்தது 6 வாரம் பொறுமை தேவை. வத்தலக்குண்டு பஸ் ஏறுமுன் ‘எதற்கும் ஒரு முறை’ செல்வதில் குற்றமில்லை. வீட்டிலும் அதையே வழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை கொஞ்சத்திற்கே பழகிவிடும்.

இனிச் சட்டம். அவசரக் கசிவுள்ளவருக்குப் பெரும்பாலும் கசியாத நேரம் உண்டு. தொழுகை நேரத்திற்குள் உளூவுக்கும் பர்ளுக்கும் போதிய இடைவெளி கிடைத்தால், ஜமாஅத் தவறினாலும் அந்த இடைவெளியில் தொழ வேண்டும். ஒரு தொழுகையின் முழு நேரத்திலும் அவ்வாறு கிடைக்காதவரே ஹனஃபி மத்ஹபில் ‘மஃதூர்’ ஆவார். அவரது உளூ அக்கசிவால் முறியாது. அத்தொழுகை நேரம் முடிந்தால் முறியும். ஷாஃபிஈ மத்ஹபில், நேரம் வந்தபின் கழுவி, துணி வைத்து, உளூச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். ஒரு உளூவுக்கு ஒரு பர்ளு. கசிந்ததோ என்ற வெறும் சந்தேகத்தால் உளூ முறியாது. அடக்கிக்கொண்டு தொழுவதும் தடுக்கப்பட்டதே. எனவே ஸஃப்பிலிருந்து ஒருவர் விலகிச் சென்றால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். உளூச் செய்யுமிடத்தில் குளிர்கால வெந்நீரும், ஸஃப்புக்கு அருகில் கைப்பிடியுள்ள ஒரு கழிவறையும் அமைத்துத் தாருங்கள். வாசலோர இடத்தை இத்தகையோருக்கு விட்டுவையுங்கள். பெண்கள் மருத்துவமனை செல்ல, வீட்டிலுள்ள ஆண்கள் தாமாகவே முன்வந்து அழைத்துச் செல்லுங்கள்.