உணவுக் கட்டுப்பாடா, அறுவை சிகிச்சையா?



"வாயைக் கட்டினா எடை தானா குறையும். இதுக்குப் போய் ஆபரேஷனா?" உடல் பருமனால் அவதிப்படுபவர்கள் சொந்தக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் நியாயம் இல்லை.

வாயைக் கட்டிப் பத்துக் கிலோ குறைத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தப் பத்துக் கிலோவும் திரும்பி வந்துவிட்டால், மன உறுதி போதவில்லை என்று சொல்லிவிடுகிறோம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு வேறு சொல்கிறது. 10 வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைந்தவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் கூடியிருந்தது. பசியை அடக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைந்திருந்தது. ஒரு வருஷம் கழித்தும் பழைய நிலை திரும்பவில்லை. இளைத்தவர் முன்பைவிடக் கூடுதல் பசியோடுதான் தினமும் சாப்பிட உட்காருகிறார்.

ஸ்லீவ் என்னும் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். கிரெலின் பெரும்பாலும் சுரக்கும் இடமும் அதோடு போய்விடுவதால் பசியே தணிகிறது. ஸ்வீடனில் 1987 முதல், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் ஆண்டுக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். பத்தாண்டு கடந்தும் முதல் பிரிவினரின் எடை குறைந்தே இருந்தது. அவர்களில் இறப்பும் குறைவு.

அதற்காக உணவு முறையைத் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில், சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் சில மாதம் நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமாக இறங்கியது உண்மைதான். ஆனாலும் நோய் புதிதாக வந்தவர்கள் முதலில் இந்த வழியைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். வீட்டில் தானாகப் பட்டினி கிடப்பது வேறு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது ஆபத்து.

அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் உணவுக் கட்டுப்பாடு விடாது. முதல் சில வாரம் நீராகாரம், பிறகு மசித்த உணவு. தட்டில் முட்டையும் பருப்பும்தான் முதலில், சோறு கடைசியில். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவெளி விட்டு, மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும். தையலில் கசிவு, ரத்தப்போக்கு போன்ற ஆபத்துகளும் உண்டு. அவை அரிதுதான், ஆனால் பெரியவை.

இந்த அறுவை சிகிச்சைக்கு நம் நாட்டில் பொதுவாகப் பின்பற்றிவரும் குறைந்தபட்ச அளவு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 37.5, சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 32.5. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 96 கிலோ, அல்லது 83 கிலோ. கல்யாணத்துக்குள் பத்துக் கிலோ இளைக்க வேண்டும் என்பவருக்கான சிகிச்சை இது அல்ல.

வீட்டில் ஒருவர் இந்த முடிவை எடுக்கப்போகிறார் என்றால், அவரைத் தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எத்தனை ஆண்டு தொடர்ந்து பார்ப்பீர்கள், உணவியல் நிபுணர் உடன் இருப்பாரா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.