உலக முடிவும் ஓட்டுப் பெட்டியும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் உலக முடிவைப் பற்றியதாகும். பயப்பட வேண்டாம். முடிவு வருகிற தேதியை அறிவிக்க நாம் வரவில்லை. அப்படி அறிவித்தவர்களின் தேதிகள் என்னவாயின என்பதையும், தேதி பொய்த்த பின்னும் அவர்களது செல்வாக்குக் குறையாமல் ராஜாங்க விஷயம் வரையில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். இது பெரும்பாலும் அமெரிக்க தேசத்துச் சங்கதி. அங்கே நடப்பது நமக்கெதற்கு என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான அணுகுண்டுகளை வைத்திருக்கும் ஒரு தேசத்தில் ஓட்டுப் போடுகிறவன் எதை நம்பிப் போடுகிறான் என்பது குண்டு இல்லாதவனுக்கும் சம்பந்தப்பட்ட விஷயமேயாகும்.

முன்னதாக ஒன்று சொல்லி விடுகிறோம். கிறிஸ்தவர்கள் எல்லோரும் இதை நம்புகிறவர்கள் அல்ல. வெளிப்படுத்தின விசேஷம் என்னும் ஆகமமானது ரோமாபுரி அரசின் கீழ் உபத்திரவப்பட்ட அக்காலத்துக் கிறிஸ்தவர்களுக்காக எழுதப்பட்டதென்றும், அதிலுள்ள மிருகம் ரோமாபுரியே என்றும், 666 என்னும் இலக்கம் நீரோ சக்கரவர்த்தியின் பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் வருகிற தொகை என்றும் கிறிஸ்தவப் பண்டிதர்களிலேயே பலர் சொல்லுகிறார்கள். ஆகவே நாம் பேசுவது, பழைய ஆகமத்தை இன்றையப் பத்திரிகைச் செய்தியாக வாசிக்கிற கூட்டத்தாரைப் பற்றியேயாகும்.

இக்கூட்டத்தாரின் கணக்கு வித்தையைப் பாருங்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற ஒரு குடியானவர் தானியேல் ஆகமத்திலுள்ள 2300 நாட்களை 2300 வருஷங்களாக மாற்றி, கிறிஸ்து 1843-க்கும் 1844-க்கும் இடையில் திரும்பி வருவார் என்றார். வரவில்லை. அவரைச் சேர்ந்தவர்கள் மறுபடியும் கணக்குப் பார்த்து 1844 அக்டோபர் 22 என்று திட்டமாகச் சொன்னார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டு விட்டு வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். 23-ந் தேதி பொழுது விடிந்தது. அதன் பிறகாவது கணக்குத் தப்பு என்று எல்லோரும் ஒப்புக் கொண்டார்களா? ஒரு பிரிவினர், தேதி சரிதான், ஆனால் சம்பவம் பரலோகத்தில் நடந்தேறியது என்று சொன்னார்கள். நம் ஊர் ஜோசியன், பலன் தப்பினால் பிறந்த நேரத்தைச் சரியாகக் குறிக்கவில்லை என்பான். இவர்கள் அவனுக்கும் ஒருபடி மேலே போனார்கள். பரலோகத்தில் நடந்ததற்கு யாரிடம் போய்ச் சாட்சி கேட்பது?

நிற்க, தேதி குறிப்பதில் உள்ள அபாயத்தைத் தெரிந்து கொண்ட புத்திசாலிகள் வேறு வழி கண்டார்கள். ஜான் நெல்சன் டார்பி என்னும் பாதிரியார் 1830-களில் ஒரு திட்டம் வகுத்தார். அதன்படி விசுவாசிகள் முதலில் திடீரென்று ஆகாயத்துக்கு எடுத்துக் கொள்ளப்படுவார்கள். பிறகு பூமியில் மிச்சமுள்ளவர்களுக்கு ஏழு வருஷம் உபத்திரவ காலம். அந்திக்கிறிஸ்து ஆளுவான். முடிவில் அர்மகெதோன் யுத்தம். தேதி கிடையாது, அடையாளங்கள் மட்டுமே உண்டு. இந்தத் திட்டத்தை ஸ்கோபீல்டு என்பவர் 1909-ல் பைபிளை அச்சிட்டபோது பக்கத்தின் அடியில் குறிப்பாகச் சேர்த்தார். மேலே வேதம், கீழே ஸ்கோபீல்டு. வாசிக்கிறவனுக்கு இரண்டும் ஒரே புஸ்தகம் தானே! மேலேயுள்ளதற்கு இருந்த மரியாதை கீழேயுள்ளதற்கும் வந்து விட்டது.

அடையாளங்களின் யோக்கியதையையும் பார்ப்போம். எசேக்கியேல் ஆகமத்தில், வடக்கேயிருந்து படையெடுத்து வருவான் என்று கோகு என்கிற ஒருவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. 4-ம் நூற்றாண்டில் மிலான் நகரத்து மேற்றிராணியார் அம்புரோஸ், அது கோத் ஜாதியார் என்றார். 16-ம் நூற்றாண்டில் லூத்தர், துருக்கியர் என்றார். பிறகு ருஷியா மீது பயம் வந்தது, கோகும் ருஷியனாகி விட்டான். ஆதாரம் என்னவென்றால் அங்கே சொல்லப்பட்ட மேசேக் என்பது மாஸ்கோவாம், தூபால் என்பது தொபோல்ஸ்க்காம். உண்மையில் அவ்விரண்டும் இன்றைய துருக்கி தேசத்துப் பக்கம் இருந்த பழைய ஜனங்களின் பெயர்கள். சத்தம் ஒத்திருந்தால் போதுமென்றால் காரைக்குடியும் காரைக்காலும் ஒரே ஊராகி விடும்.

1970-ல் ஹால் லிண்ட்சே என்பவர் எழுதிய ஒரு புஸ்தகம் கோடிக்கணக்கில் விற்றது. 1948-ல் இஸ்ரேல் ராஜ்யம் ஏற்பட்டதிலிருந்து ஒரு தலைமுறைக்குள், அதாவது சுமார் 40 வருஷத்துக்குள், எல்லாம் நடந்தேறக் கூடும் என்பது அதன் கருத்து. மிருகத்தின் பத்துக் கொம்பு என்பது ஐரோப்பாவின் பொதுச் சந்தை தேசங்களாம். 1981-ல் கிரீஸ் சேர்ந்து எண்ணிக்கை பத்தானவுடன் ஆனந்தம் சொல்லி முடியாது. 1986-ல் அது பன்னிரண்டாயிற்று. பிரிட்டன் 2020-ல் விலகிய பின்னும் 27 கொம்பு நிற்கிறது. 1988-ம் வந்து போய் விட்டது. 1991-ல் சோவியத் ராஜ்யமும் கலைந்தது. ஆனால் அதற்குள் இராக் யுத்தம் வந்து விட்டபடியால் பாபிலோனைத் தேடி எடுத்துக் கொண்டார்கள்.

இவை சிரித்து விட்டுப் போகக் கூடிய விஷயங்கள்தான். சிரிக்க முடியாத விஷயத்துக்கு இப்போது வருகிறோம். இவர்களுடைய வியாக்கியானப்படி அந்திக்கிறிஸ்துவை அறிந்து கொள்வது எப்படி? அவன் யுத்தம் செய்து கொண்டு வருகிறவன் அல்ல. சமாதானம் பேசிக் கொண்டு வருகிறவன்! இஸ்ரேலுடன் ஏழு வருஷ உடன்படிக்கை செய்கிறவனே அவன் என்று தானியேலிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். 1995 முதல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்ற ஒரு நாவல் வரிசையில் அந்திக்கிறிஸ்து ஐக்கிய நாடுகள் சபையின் காரியதரிசியாக வருகிறான். ஆயுதங்களை ஒழியுங்கள் என்று தேசங்களுக்குச் சொல்லுகிறான். இதை வாசித்து வளர்ந்தவன், நிஜமாகவே ஒருவன் ஆயுதத்தைக் குறைக்கலாம் என்று சொன்னால் என்ன நினைப்பான் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். யுத்தம் வந்தால் வேதம் பலித்தது, சமாதானம் வந்தால் சைத்தான் வந்தான் என்றால், சமாதானத்துக்கு அங்கே இடம் ஏது?

இது வெறும் ஊகமல்ல. ருஷியாவின் தலைவர் கோர்பசேவ் 1987-ல் வாஷிங்டனுக்கு வந்து, நடுத்தர தூரம் பாயும் ஏவுகணைகளை ஒழிக்க உடன்படிக்கை செய்தார். அவருடைய நெற்றியில் இருந்த மச்சத்தை மிருகத்தின் முத்திரையோ என்று சந்தேகித்தவர்கள் உண்டு. அவர்தான் அந்திக்கிறிஸ்துவா என்று கேட்டு 1988-ல் ஒரு புஸ்தகமே வந்தது. 2005-ல் இஸ்ரேல் பிரதமர் ஷாரோன் காஸாவை விட்டுத் தம் ஜனங்களை வெளியேற்றினார். 2006 ஜனவரியில் அவர் மூளையில் ரத்தக் கசிவு கண்டு படுத்தபோது, கர்த்தரின் தேசத்தைப் பங்கு போட்டதற்கு இதுதான் தண்டனை என்ற கருத்துப்பட டெலிவிஷனில் பேசினார் பாட் ராபர்ட்சன் என்ற அமெரிக்கப் பாதிரியார். பலர் கண்டித்த பிறகு மன்னிப்புக் கேட்டுக் கொண்டார்.

ரீகன் விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். அவருக்கு இப்பேச்சுகளில் ருசி உண்டு என்பது தெரிந்ததே. ஆனால் 1984 அக்டோபர் 21-ந் தேதி, எதிர் அபேட்சகரான மாண்டேலுடன் நடந்த வாதத்தில் இதுபற்றி அவரைக் கேட்டபோது, அர்மகெதோன் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாதென்றும், அதை வைத்து தாம் திட்டம் போடவில்லை என்றும் சொன்னார். மூன்று வருஷம் கழித்து கோர்பசேவுடன் கையெழுத்தும் போட்டார். ஆனாலும் தோழர்களே! ஒரு ஜனாதிபதி அபேட்சகரிடத்தில் இக்கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது?

அவரவர் நம்பிக்கை அவரவருக்கு, உமக்கென்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். மில்லரை நம்பிப் பயிரை அறுக்காதவன் தன் பயிரைத்தான் இழந்தான். அது அவன் பாடு. ஆனால் 1969 ஆகஸ்டு 21-ந் தேதி ரோஹன் என்ற ஆஸ்திரேலியக் கிறிஸ்தவன், அங்கே யூதர் ஆலயம் எழும்பினால் கிறிஸ்து வருவார் என்று நம்பி ஜெருசலேமிலுள்ள அல் அக்ஸா மசூதிக்குத் தீ வைத்தான். கோர்ட்டார் அவனைச் சித்த சுவாதீனம் இல்லாதவன் என்று தீர்மானித்தார்கள். சரி, அவன் பைத்தியம். 2022 செப்டம்பரில் டெக்ஸாஸ் மாகாணத்திலிருந்து ஐந்து சிவப்புக் கிடாரிகளை ஆகாய விமானத்தில் ஏற்றி இஸ்ரேலுக்குக் கொண்டு வந்தவர்கள் பைத்தியங்களல்ல. ஆலயத்துக்குச் சுத்தி செய்ய ஒரு மயிர் கூட வேறு நிறமில்லாத சிவப்புக் கிடாரியின் சாம்பல் வேண்டுமாம். ஆலயம் எழும்ப வேண்டிய இடத்தில் மசூதி நிற்கிறது. மாட்டுக்காக மனிதனை மறப்பது நம் தேசத்துக்கு மட்டும் சொந்தமான வியாதி என்று நாம் எண்ணிக் கொண்டிருந்தது தப்பு.

யூதரிடத்தில் இவர்கள் காட்டும் சிநேகமும் விசித்திரமானது. இவர்களில் அநேகருடைய திட்டப்படி உபத்திரவ காலத்தில் யூதரில் மூன்றில் இரண்டு பங்கு மாண்டு போவார்கள், மிச்சமுள்ளவர்கள் கிறிஸ்துவை ஏற்பார்கள். விருந்தாளியை வாசலில் நின்று வரவேற்று விட்டு உள்ளே பாடை கட்டுகிறது போல! இஸ்ரேல் சர்க்காருக்கு இது தெரியாமலில்லை. இன்றைக்கு ஓட்டும் பணமும் கிடைக்கிறது, பாடையை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள் போலும். ஜான் ஹேகி என்னும் பாதிரியார் 2006-ல் இஸ்ரேலுக்காக ஆரம்பித்த சங்கத்தில் ஒரு கோடிக்கு மேல் அங்கத்தினர் இருப்பதாக அச்சங்கம் சொல்லிக் கொள்ளுகிறது. உலக முடிவைத் துரிதப்படுத்த அல்ல, ஆபிரகாமின் சந்ததியை ஆசீர்வதிப்பவனுக்கு ஆசீர்வாதம் உண்டு என்பதற்காகவே இதைச் செய்வதாக அவர் சொல்லுகிறார்.

இதற்கெல்லாம் நடுவே அந்தப் பூமியில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். ஆகாயத்துக்குப் போகிறவர்களின் கணக்கில் இவர்கள் இடம் எங்கே என்று தெரியவில்லை. 2006 ஆகஸ்டில் ஜெருசலேமிலுள்ள கத்தோலிக்க, சிரியன், ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைத் தலைவர்கள் நால்வரும் சேர்ந்து, இந்தக் கிறிஸ்தவச் சீயோன் கொள்கை தங்கள் மதத்தின் அன்புக்கும் நியாயத்துக்கும் விரோதமானது என்று கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார்கள். கிறிஸ்து நடந்த ஊரின் சபைத் தலைவர்கள் சொன்ன சொல் அமெரிக்காவில் அம்பலம் ஏறவில்லை. 2018 மே 14-ந் தேதி அமெரிக்க சர்க்கார் தன் ஸ்தானிகர் காரியாலயத்தை அதே ஜெருசலேமில் திறந்தபோது, முடிவு ஜெபம் செய்ய அழைக்கப்பட்டவர் ஜான் ஹேகி. அன்றைக்கே காஸா எல்லையில் துப்பாக்கிப் பிரயோகத்தில் ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள்.