மானியமும் சந்தாவும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஜனங்களின் தேக சுகத்தின்பொருட்டு ஒரு சங்கம் வைத்தியசாலை நடத்தப் புகுமாயின், பொருள் எங்கிருந்து வருவது என்னும் கேள்வியே முதலில் எழும். சர்க்கார் மானியம் பெறலாம் என்பர் சிலர். பிறர் பொருள் வேண்டா, நம் சந்தாவே போதும் என்பர் வேறு சிலர். இவ்விரு வழிகளும் ஒரே ஊரில் பரீட்சிக்கப்பட்ட வரலாறு ஒன்றுண்டு. அதனையே இன்று தங்கள்முன் வைக்கின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிஸிஸிப்பி மாகாணத்தில் மௌண்ட் பேயூ என்பதோர் சிற்றூர். அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினத்தார் 1887-ஆம் ஆண்டில் தமக்கென அமைத்துக்கொண்ட ஊர் அது. அம்மாகாணத்து வைத்தியசாலைகள் பல அவர்களை ஏற்கவில்லை. ஏற்ற சிலவும் பிரித்தே வைத்தன. ஆதலின் தாபோர் சங்கம் என்னும் அவர்களது பரஸ்பர சகாய சங்கம், 1942-இல் 42 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலையொன்றைத் திறந்தது. 1945-இல் வயது வந்தவர் செலுத்திய வருஷச் சந்தா 8 டாலர் 40 செண்டு. அதற்கு ஈடாக 31 நாள் வைத்தியசாலை வாசமும், வேண்டின் ரண சிகிச்சையும் கிடைத்தன. சந்தா செலுத்தியோருட் பலர் பருத்தி நிலங்களில் வாரத்திற்கு உழுத ஏழைகள். ஒற்றுமையின் பலம் இதுவன்றோ!

எனினும், சந்தாவுக்கும் ஓர் எல்லை உண்டு. அச்சிறு தொகையும் செலுத்த இயலாதார் இருந்தனர். மேலும், பசியாலும் அசுத்த நீராலும் வரும் நோயை வைத்தியசாலைப் படுக்கை தடுக்கமாட்டாது.

1964-இல் அந்நாட்டில் வறுமையை ஒழிக்கச் சட்டமொன்று இயற்றப்பட்டது. அதன்வழி டாக்டர் ஜாக் கைகர் முதலானோர் டஃப்ட்ஸ் சர்வகலாசாலையின் மூலம் மானியம் பெற்று, 1967-இல் மௌண்ட் பேயூவில் டெல்டா சுகாதார நிலையத்தைத் தொடங்கினர். ஜான் ஹாட்ச் என்பார் சுற்றுக் கிராமங்களிற் சென்று, "உங்களுக்கு வேண்டுவது யாது?" என ஜனங்களையே வினவினார். உணவும், நல்ல நீரும், வேலையும் அவர்கள் கேட்டவை. எனவே கிணறுகள் தோண்டப்பட்டன, கழிப்பிடங்கள் அமைக்கப்பட்டன. போஷணையின்றி மெலிந்த குழந்தைகளுக்கு வைத்தியர்கள் மருந்துச் சீட்டிலேயே உணவை எழுதினர். கடைக்காரர் அதனைக் கொடுத்து, மருந்துக் கணக்கிலிருந்து விலை பெற்றனர். மானியம் அளித்த அலுவலகத்தார் இதனை ஆக்ஷேபித்தபோது, பட்டினியால் விளைந்த பிணிக்கு உணவே மருந்து என்று கைகர் விடையிறுத்தார். பின்னர் ஜனங்கள் கூட்டுறவுப் பண்ணையொன்று அமைத்துத் தாமே காய்கறி விளைத்தனர்.

இனி, மறுபக்கத்தையும் நோக்குவோம். அதே 1967-இல் தாபோர் வைத்தியசாலையும் அவ்வூரின் மற்றொரு சங்க வைத்தியசாலையும் ஒன்றாக்கப்பெற்று, சர்க்கார் மானியத்தில் நடக்கலாயின. நிர்வாகம் சங்கத்தாரின் கையை விட்டு நீங்கியது. 1983-இல் அவ்வைத்தியசாலை மூடப்பட்டது. அதற்குக் காரணங்கள் பலவாயினும், சந்தாவால் எழுந்த நிலையத்தைச் சந்தாவால் மீட்கச் சங்கத்தார் முன்போல் அங்கில்லை என்பது நினைக்கத்தக்கது.

டெல்டா நிலையமோ இன்றும் நடைபெறுகின்றது. அத்தகைய நிலையங்களில் இப்பொழுது ஆண்டுதோறும் 3 கோடிக்கு மேற்பட்டோர் வைத்தியம் பெறுகின்றனர். மானியம் பெறும் நிலையத்தின் நிர்வாக சபையில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கு வைத்தியம் பெறுபவராகவே இருத்தல்வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

அன்பர்களே! இதனால் நாம் அறியத்தக்கது யாது? மானியத்தை வெறுத்தல் வேண்டா. அது நம் வரிப்பணமே. ஆனால் கேட்கப் போகுமுன், நோயுற்ற ஏழையின் வீட்டுக்குச் சென்று அவன் குறையைக் கேட்டல்வேண்டும். பெற்றபின், அவனையும் நிர்வாகத்தில் அமர்த்தல்வேண்டும். எவ்வளவு பெற்றாலும், நம் சிறு சந்தாவை நிறுத்தலாகாது. மானியம் மழை போன்றது, சந்தா ஊற்று. மழை பெய்யுங்காலத்தில் ஊற்றைத் தூர்ப்பவர் உண்டோ?