பைக் சத்தம் கேட்டதும்



திருவேங்கடம் பக்கத்து ஊர்களில் விடிந்ததும் விடியாததுமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து நிற்கும். தூக்குவாளியோடு ஏறுகிற பெண்களில் ஒருத்தி முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். யாரும் எதுவும் கேட்பதில்லை. வேனுக்கே விஷயம் தெரியும். "அது அவுக வீட்டு விவகாரம்லா" என்று விட்டுவிடுகிறோம்.

அந்த வீட்டில் ஒரு பிள்ளையும் ராத்திரி முழித்திருந்தது. தெருமுனையில் அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் நோட்டை மூடிவிட்டு, தூங்குகிற மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் பிள்ளை. தன் மேல் விழுகிற அடியைத் தாய் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்வாள். பிள்ளை மேல் கை ஓங்கினால்தான் குறுக்கே போய் விழுவாள்.

2012-ல் மதுரையில் ஒரு தாய் அப்படித்தான் குறுக்கே போனாள். குடிபோதையில் மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தாள். அவன் இறந்துபோனான். அன்று மதுரை மாவட்ட எஸ்.பி.யாக இருந்த அஸ்ரா கர்க், அதைத் தற்காப்பு என்று ஏற்று, இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவைக் காட்டி அவளை விடுவித்தார். பலரும் பாராட்டினார்கள், நானும் மனசார வணங்கினேன். ஆனாலும் அந்த மட்டையை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஒரு தாய் அதைக் கையில் எடுக்கிற நிலை வரும்வரை சுற்றியிருக்கிற நாமெல்லாம் எங்கே இருந்தோம்?

அந்த நிலை வராமல் தடுக்கத்தான் 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடி வாங்குகிறவள்தான் வெளியேற வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அடிக்கிறவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு இந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது. பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடவும் உத்தரவு போடலாம். மாஜிஸ்திரேட் போடுகிற பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. கட்டிக்கொடுத்த ஊர் எங்கே இருந்தாலும் சரி, தாய்வீடு திருவேங்கடம் என்றால், வந்து தங்கியிருக்கிற இந்தப் பகுதி நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். வக்கீலுக்குக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

அக்கம்பக்கத்தாருக்கும் அந்தச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அடி விழுகிறது என்று தெரிந்த யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. அவசரம் என்றால் 112. "நமக்கெதுக்கு வம்பு" என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிற நேரத்தில், இந்த எண்களில் ஒன்றை அழுத்திவிடலாம்.

விவரம் தெரிந்த தாய்மார்கள் முன்கூட்டியே ஒன்று செய்து வைப்பார்கள். ஒரு மஞ்சப்பையில் ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மாற்றுத்துணி ஒரு செட்டு, பஸ்ஸுக்குக் கொஞ்சம் சில்லறை. அதை வீட்டில் வைக்க முடியாது, அடிக்கிறவன் கண்ணில் பட்டுவிடும். அப்படியொரு பையை ஒருத்தி உங்களிடம் கொண்டுவந்து, "இத வச்சிக்கிடுங்க மதினி, பெறவு வாங்கிக்கிடுதேன்" என்று சொன்னால், காரணம் கேட்காதீர்கள். வாங்கி அரிசிப்பானைக்குப் பின்னால் வையுங்கள். ராத்திரி கதவைத் தட்டினால் திறந்துவிடுங்கள்.