முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சின்



காரைக் கடையில் முழுசாக வாங்காமல், சட்டத்தையும் உடம்பையும் ஒரு சிறு நிறுவனத்திடம் உதிரியாக வாங்குவார்கள். எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றுவார்கள். வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி ஓட்டிவிடுவார்கள். இங்கிலாந்தில் நெடுநாளாக இருந்துவரும் பழக்கம் இது. கிட் கார் என்று பெயர். உதிரியாக விற்ற காருக்கு அங்கே கொள்முதல் வரி இல்லை என்பது ஒரு காலத்தில் பெரிய ஈர்ப்பு. 1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போனது. ஆனால் கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தக் கைத்தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைப் பற்றி இன்று பேசுகிறேன். எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவில் வைக்கும் கார்களைச் சொல்கிறேன். பாரம் நடுவில் வந்துவிடுவதால் இந்தக் கார்கள் வளைவில் சட்டென்று திரும்பும். ஓட்டும் சக்கரங்களுக்கு நல்ல பிடிப்பும் கிடைக்கும். எந்த எஞ்சினை வைப்பது, அதை எப்படித் தாங்குவது என்ற இரண்டு கேள்விகளில்தான் கட்டுகிறவரின் தரம் தெரியும்.

எஞ்சின் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை குதிரைத் திறன் என்பதைத்தான். முதலில் கேட்க வேண்டியது கியர்பாக்ஸைப் பற்றி என்பது என் கருத்து. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை எடுத்துக்கொள்வோம். அதில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது, கியர்பாக்ஸ் முன்னால். எஞ்சினை நடுவுக்குக் கொண்டுவர அந்த மொத்தத் தொகுதியையும் அப்படியே திருப்பி வைத்தால் என்ன ஆகும்? சக்கரங்கள் எதிர்த் திசையில் சுற்றும். நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் உள்ள கார் கிடைக்கும். கியர்பாக்ஸைப் பிரித்து, உள்ளே இருக்கும் கிரவுன் வீல் என்ற பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றிப் பூட்டினால்தான் சரியாகும்.

லோட்டஸ் நிறுவனம் 1966இல் யூரோப்பா காரைக் கொண்டுவந்தபோது செய்ததும் இதைத்தான். முன்சக்கர ஓட்டமுள்ள ரெனோ 16 காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அரை வட்டம் திருப்பி நடுவில் வைத்தார்கள், கிரவுன் வீலை இடம் மாற்றினார்கள். ஆடி, சுபாரு கார்களின் தொகுதிகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவற்றில் எஞ்சின் முன்னால், அச்சு அதை ஒட்டிப் பின்னால், கியர்பாக்ஸ் அதற்கும் பின்னால். அப்படியே தூக்கிக் காரின் பின்புறம் வைத்தால் திசை மாறாது. நான்கு சக்கர ஓட்டமுள்ள சுபாரு என்றால், பின்னச்சுக்குப் போகும் வழியை மட்டும் அடைக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் 818 கிட் இந்த வழியில் உருவானதுதான்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று 1959இல் வந்த மினியில் இருந்தது. அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கிவிட்டார். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே சப்ஃபிரேமில் உட்கார்ந்திருக்கும். 1967இல் வந்த காக்ஸ் ஜி.டி.எம். என்ற கிட் கார், மினியின் அந்த முன் சப்ஃபிரேமை எடுத்துப் பின்னால் பூட்டியது. முன்சக்கரமாக இருந்தபோது திரும்பிய சக்கரம் இப்போது திரும்பக் கூடாது. அதற்காக ஸ்டீயரிங் கைகளை மட்டும் அசையாமல் கட்டிவிட்டார்கள். திசை சரி, ஷாஃப்டின் நீளம் சரி, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்றைய கணக்கில் அது சின்ன எஞ்சின்தான். ஆனாலும் பொருத்தம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தக் காரைத்தான்.

கோவைக்காரர்களுக்கு இந்த வித்தை அந்நியமல்ல. எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால்தான் இருந்தது. குறைந்த செலவில் பந்தயம் கற்றுக்கொள்ள நம் இளைஞர்களுக்கு அது வழி திறந்தது.

இனி மவுண்டுக்கு வருகிறேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டை என்று பலர் இதைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். தாங்குவது அதன் வேலையில் பாதிதான். குறுக்கு எஞ்சினில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரத்தை முன்னே தள்ளும் முறுக்கு அத்தனையும் எஞ்சினை எதிர்ப்பக்கம் புரட்டப் பார்க்கும். ஒரு கணக்குப் போடலாம். எஞ்சின் தரும் முறுக்கு 160 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 3.2 மடங்காக்குகிறது, கடைசிப் பல்சக்கரம் இன்னும் 4 மடங்காக்குகிறது. மொத்தம் 2,000 நியூட்டன் மீட்டருக்கு மேல். அதை 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தண்டு பிடித்து நிறுத்த வேண்டுமானால், அந்தத் தண்டில் விழும் இழுப்பு ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமம். எஞ்சினின் எடையே அதில் கால் பங்கு இருந்தால் அதிகம்.

நல்ல வடிவமைப்பில் இந்த இரண்டு வேலையையும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இரு முனையிலும் உள்ள பெரிய மவுண்டுகள் ஊஞ்சல் சங்கிலி மாதிரி எடையை ஏந்திக்கொள்ளும். மூன்றாவதாக ஒரு தண்டு, அதன் இரு நுனியிலும் ரப்பர் புஷ், புரட்டலை மட்டும் தடுக்கும். மினியில் அந்தத் தண்டு எஞ்சினின் மேற்பக்கம் இருக்கும். அதன் புஷ் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். தேய்ந்திருந்தால், கிளட்சை விடும்போது எஞ்சின் முன்னும் பின்னும் குலுங்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து எக்ஸாஸ்ட் குழாய் மூட்டில் விரிசல் விடும். சின்ன ரப்பர் வளையம் செய்கிற வேலை அது. கிட் கார் கட்டுகிறவர்கள் சிலர் இடமில்லை என்று இந்தத் தண்டையே விட்டுவிடுகிறார்கள். வேறு எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கக் கூடாது.

ரப்பர் எவ்வளவு கடினமாக இருக்கலாம்? கடினமாக இருந்தால் எஞ்சின் ஆடாது, ஆனால் அதிர்வு முழுவதும் சட்டத்துக்குப் போகும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடினால் நொடிக்கு 30 வெடிப்பு. மூன்று சிலிண்டர் என்றால் 22 அல்லது 23தான். ரப்பரின் மேல் உட்கார்ந்த எஞ்சினின் இயல்பான ஆட்டம் இந்த எண்ணிக்கைக்கு நன்றாகக் கீழே இருந்தால்தான் அதிர்வு அடங்கும். 30 வெடிப்புக்கு எல்லை 21 ஆட்டம். அதையும் தாண்டிப் போனால் ரப்பர் அதிர்வைக் குறைக்காது, கூட்டிவிடும். அதனால் நான்கு சிலிண்டருக்கு அளந்து செய்த மவுண்டை மூன்று சிலிண்டருக்குப் போட்டால் பொருந்தாது. பாலியூரித்தேன் புஷ் பந்தயத்துக்குச் சரி. தினமும் சாலையில் ஓட்டப்போகிற காருக்கு, பழைய காரில் இருந்த அதே ரப்பர் மவுண்டைப் புதிதாக வாங்கிப் போடுவதே மேல்.

பொருத்தும் முறையிலும் ஒரு அழகு உண்டு. தேர்ந்த பட்டறையில் மவுண்டைத் தீர்மானித்துவிட்டு எஞ்சினை இறக்க மாட்டார்கள். எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, முதலில் டிரைவ் ஷாஃப்டுக்கு நேராகக் கொண்டுவருவார்கள். கியர்பாக்ஸ் வாயும் சக்கர மையமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். பழைய காரில் எஞ்சின் எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருந்ததோ அதே சாய்வையும் வைப்பார்கள், ஏனென்றால் எண்ணெய்த் தொட்டி அந்தச் சாய்வை நம்பித்தான் செய்யப்பட்டது. அதன்பிறகே மவுண்டுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அட்டையில் வெட்டிப் பார்த்து இரும்புத் தகட்டில் செய்வார்கள். டாக் வெல்டிங் வைக்கும்போது ரப்பர் மவுண்டுக்குப் பதிலாக அதே அளவில் கடைந்த இரும்பு உருளை இருக்கும். வெல்டிங் சூட்டில் ரப்பரும் இரும்பும் ஒட்டிய இடம் விட்டுப்போகும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

எஞ்சின் ஒரு நிறுவனத்துடையது, கியர்பாக்ஸ் இன்னொன்றுடையது என்று சேர்ப்பதும் உண்டு. அல்டிமா என்ற கிட் கார் அப்படித்தான்: செவ்ரோலெட் வி8 எஞ்சின், போர்ஷே கியர்பாக்ஸ். நடுவில் இணைப்புத் தகடு ஒன்று வேண்டும். அது இரண்டின் மையக் கோட்டையும் 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு ஒன்றாக்க வேண்டும். விலகினால் கிளட்ச் தட்டும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். பழைய ஹோண்டா பி வரிசை எஞ்சின்கள் மற்றவற்றுக்கு எதிர்த் திசையில் சுற்றுபவை. அவற்றை அவற்றின் கியர்பாக்ஸோடு மட்டுமே எடுக்க வேண்டும். அல்டிமாவின் தரத்துக்கு ஒரு சான்று: மெக்லாரன் நிறுவனம் தன் எஃப்1 காரை உருவாக்கியபோது, கியர்பாக்ஸையும் பி.எம்.டபிள்யூ. வி12 எஞ்சினையும் இரண்டு அல்டிமா சட்டங்களில் பூட்டித்தான் சோதித்தது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால் என்றால் குழாய் காரின் நீளம் முழுக்க ஓட வேண்டும். ரோவர் கே எஞ்சின் எடை குறைவு என்பதால் ஜி.டி.எம். லிப்ரா போன்ற கார்களுக்கு விரும்பி எடுத்தார்கள். ஆனால் அந்த நீண்ட குழாயில் ஆறிக் கிடந்த நீர் சூடான எஞ்சினுக்குள் ஒரே மூச்சில் பாய்வதை அதன் ஹெட் கேஸ்கெட் தாங்குவதில்லை என்பார்கள் மெக்கானிக்குகள். குழாயில் காற்று நின்றாலும் இதே கதிதான். குழாயின் உயரமான இடங்களில் காற்று வெளியேற்றும் திருகு இல்லாத காரை நான் ஏற்கமாட்டேன்.

எங்காவது இப்படி ஒரு காரைப் பார்த்தால் உரிமையாளரிடம் கேட்டுப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். எஞ்சின் கொஞ்சம் அசைந்து உடனே நிற்க வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய் சட்டத்தில் உரசக் கூடாது. பிறகு மவுண்ட் போல்ட்டைப் பாருங்கள்: அதை இரண்டு பக்கமும் தகடு பிடித்திருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தகட்டின் மூலையில் முக்கோணமாக ஒரு தாங்கு துண்டு வைத்து வெல்டிங் செய்திருந்தால், கட்டியவர் அந்த 500 கிலோ கணக்கைப் போட்டுப் பார்த்தவர்.