சென்னைக்கு எத்தனை காலம்?

சென்னையில மூணே சீசன்தான்: வெயில், கடும் வெயில், கொடும் வெயில். இந்தப் பழைய ஜோக்கைக் கேட்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. பெங்களூர்ல இருந்து மாத்தலாகி வர்றவங்க முதல் வாரத்துலயே சொல்லிடுவாங்க, நாமளும் சிரிச்சு வைப்போம். இன்னைக்கு எபிசோட் அந்த ஜோக்குக்கு ஒரு பதில். ஈக்காட்டுத்தாங்கல்ல ஆறு வருஷமா வாடகைக்குக் குடியிருக்கிற ஒரு சாஃப்ட்வேர்காரனோட பதில், அதனால இலக்கியச் சொற்பொழிவை எதிர்பார்க்காதீங்க.

ஆனாலும் ஆரம்பிக்கிறது தொல்காப்பியத்துல இருந்துதான். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஸ்கூல்ல ரெண்டு மார்க் கேள்விக்காக உருப்போட்டோமே, அதேதான். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். இப்படி ரெண்டு ரெண்டு மாசமா போற இதுக்குப் பேர் பெரும்பொழுது. இதைவிட எனக்குப் பிடிச்சது சிறுபொழுது. ஒரு நாளையும் அதே மாதிரி மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடுன்னு ஆறா பிரிச்சு வெச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு லூப், அதுக்குள்ள நாளுக்கு ஒரு லூப். நெஸ்டட் லூப்!

சென்னையில காலம் மாறுறது இந்த உள் லூப்லதான் நல்லா தெரியும். மே மாசத்தை எடுத்துக்கோங்க. மே 4-ல இருந்து 28 வரைக்கும் அக்னி நட்சத்திரம். காலையில பத்து மணிக்கே தார் ரோடு கொதிக்கும். ஆனா கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரை மேல சூடான காத்து மேல எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்ல இருந்து குளிர்ந்த காத்து உள்ள வரும். அதுதான் நம்ம கடற்காத்து. மேற்குக் காத்து பலமா அடிக்கிற நாள்ல அது கரையிலயே தடைபட்டு நின்னுடும். அது வர லேட்டாக லேட்டாக வெயில் ஏறிக்கிட்டே போகும். 2003 மே 31 அன்னைக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாச்சு. மே மாசம் முழுக்க இந்த ஊர் மதியம் காத்துக்கிட்டிருக்கிறது இந்த ஒரு விருந்தாளிக்காகத்தான்.

இதை நான் ஆப் பார்த்துத் தெரிஞ்சுக்கல. எங்க தெருமுனையில ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கு. மதியத்துல உணவு டெலிவரி பண்ற பசங்க நாலஞ்சு பேர் அதுக்குக் கீழ வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருப்பாங்க. அதுல ஒருத்தர் சொன்னார்: "அடையார்ல பன்னெண்டே காலுக்கெல்லாம் காத்து வந்துரும் ப்ரோ. இங்க வர ஒரு மணி ஆயிடும். நான் சைதாப்பேட்டை தாண்டுறப்பவே சட்டையில தெரியும்." கடலுக்கும் எங்க தெருவுக்கும் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். அந்தக் காத்து ஊருக்குள்ள நடந்து வர்றதை ஒரு மனுஷன் முதுகுலயே அளந்து வெச்சிருக்கார். பக்கத்து டெக் பார்க்ல, கண்ணாடிக்குப் பின்னாடி, வருஷம் பூரா 23 டிகிரியில உக்காந்திருக்கிற எனக்கு அந்த ஒரு மணின்னா ஸ்டாண்ட்-அப் மீட்டிங் முடியிற நேரம், அவ்வளவுதான். சீசனே இல்லாத ஊர்னு நாம சொல்றதுக்குக் காரணம் அந்தக் கண்ணாடியா இருக்கலாம்.

சரி, மரத்துக்கு வருவோம். எங்க தெருவுல மூணு புங்கமரம். மாசி பொறந்ததும் இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு வாரத்துக்குள்ள பளபளன்னு இளம்பச்சைத் துளிர் வரும் பாருங்க, பிளாஸ்டிக் இலையோன்னு சந்தேகம் வர்ற அளவுக்கு மினுங்கும். சித்திரையில பூ. காலையில வண்டி சீட் மேல பொரி கொட்டின மாதிரி கிடக்கும். பொரின்னு நான் சொல்றது என் சொந்தச் சரக்குன்னு நினைச்சேன். குறுந்தொகையிலயே புங்கம்பூவைப் பொரியோட ஒப்பிட்டிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அழகா இருக்கேன்னு நின்னு போட்டோ எடுத்துட்டிருந்தப்ப, தெரு கூட்டுற அக்கா சொன்னாங்க: "உனக்கு அழகு தம்பி. எனக்கு நாலு கூடை." அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இன்னைக்கும் இல்ல.

இப்போ ஐப்பசி. சாயங்காலம் மெட்ரோ ஸ்டேஷன் படி இறங்கும்போது தட்டான் கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. தட்டான் தாழப் பறந்தா மழைன்னு வீட்டுல சொல்வாங்க இல்லையா? அதுல ஒரு வகை, வாண்டரிங் கிளைடர்னு பேர், இந்தியாவுல இருந்து மாலத்தீவு வழியா கடலைத் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுன்னு சார்லஸ் ஆண்டர்சன்ங்கிற ஆய்வாளர் 2009-ல எழுதினார். பல தலைமுறையா போய்த் திரும்புற பயணம் அது. டூவீலர் பார்க்கிங்ல ஹெல்மெட் மேல வந்து உக்கார்ற பூச்சிக்கு அப்படி ஒரு ரூட் மேப்.

அசோக் நகர்ல மெட்ரோ ஏறினா, ஈக்காட்டுத்தாங்கல் வர்றதுக்கு முன்னாடி சில வினாடி அடையாறு தெரியும். பெரும்பாலும் எல்லாரும் போனைத்தான் பார்த்துட்டிருப்பாங்க. நான் பார்க்கிற காலண்டர் அந்த ஆறுதான். வைகாசியில கறுப்பா ஒரு கோடு, மிச்சமெல்லாம் ஆகாயத்தாமரை. புரட்டாசியில கோடு அகலமாகும். பெரிய மழை பெய்ஞ்சதும் ஆகாயத்தாமரை மொத்தமா அடிச்சுக்கிட்டுப் போய், ஒரே ராத்திரியில செம்மண் நிறத்துல நிஜமான ஆறு ஓடும். வருஷத்துக்குச் சராசரியா 140 செ.மீ. மழை பெய்யிற ஊர் இது. அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும்.

அழகுன்னு பேசுறப்ப எனக்கு நாக்கு தடுமாறுற இடம் இதுதான். இந்த மெட்ரோ ஓட ஆரம்பிச்சது 2015 ஜூன் 29. அதே வருஷம் டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட, கீழ பெய்ஞ்ச மழையும் சேர்ந்து அடையாறு கரையை உடைச்சுக்கிட்டு ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு வீடுகளுக்குள்ள நுழைஞ்சுது. தாங்கல்னா தண்ணி தேக்கி வைக்கிற சின்ன ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பேர்தான். டெலிவரி ஆப்ல அட்ரஸ் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் நாம ஏரின்னுதான் டைப் பண்றோம்.

நான் இருக்கிறது ரெண்டாவது மாடி. ஓனரம்மா தரைத்தளத்துல இருக்காங்க. புரட்டாசி கடைசியில அவங்க வீட்டுல ஒரு சடங்கு நடக்கும். ஃப்ரிட்ஜ் ஸ்டாண்டுக்குக் கீழ நாலு செங்கல். பத்திரம், ரேஷன் கார்டு, பேத்தியோட சர்டிஃபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி லாஃப்ட்டுக்குப் போகும். ஏத்தித் தர்றது நான்தான். தை பொறந்ததும் எல்லாத்தையும் இறக்கணும். 2015-லயே எல்லாம் போச்சு, இன்னும் ஏம்மா இந்த வீட்டுல இருக்கீங்கன்னு ஒரு தடவை கேட்டேன். "எங்க போறது? எல்லா ஊர்லயும்தான் மழை பெய்யுது"ன்னாங்க. முதல் மழை ராத்திரி வாசப்படியில உக்காந்து தவளைச் சத்தம் கேக்குறது அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கேட்டுக்கிட்டே, கேட்டுக்கு வெளிய தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்திருக்குன்னும் ஒரு கண் வெச்சிருப்பாங்க. மாடியில காபி டம்ளரோட மழை பார்க்கிற என்னைவிட அவங்கதான் மழையை முழுசா பார்க்கிறாங்கன்னு எனக்குத் தோணும்.

ஜப்பான்ல வருஷத்தை 72 காலமா பிரிச்சிருக்காங்க. சீனாவுல இருந்து வந்த கணக்கை, 1685-ல ஷிபுகாவா ஷுன்காய்ங்கிற வானியலாளர் அவங்க ஊருக்குப் பொருந்துற மாதிரி மாத்தி எழுதினார். ஏறக்குறைய அஞ்சு நாளுக்கு ஒரு காலம். அதைப் பார்த்துட்டு நானும் ஒரு ஷீட் போட்டேன். சிலதைப் படிக்கிறேன்: "புங்கை துளிர்க்கும் வாரம்." "குயில் நாலரைக்கே எழுப்பும் வாரம்." "தள்ளுவண்டியில நுங்கு வரும் வாரம்." "ஓனரம்மா செங்கல் கேட்கும் வாரம்." 72-ல இதுவரைக்கும் 29 நிரம்பியிருக்கு. ஆனியும் ஆடியும் கிட்டத்தட்ட காலி. ரெண்டு வருஷமா அப்பதான் ரிலீஸ் வேலை இருந்துச்சு.

பொழுதுபோக்குக்காக ஆரம்பிச்சதுதான். ஆனா இதையே நாடு முழுக்க ஒழுங்கா பண்றவங்க இருக்காங்க. சீசன்வாட்ச்னு ஒரு மக்கள் அறிவியல் திட்டம். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, துளிர், பூ, காய் எப்படி இருக்குன்னு வாராவாரம் பதிவு பண்ணணும். கொன்றை முன்னாடியே பூக்குதா, மாமரம் லேட்டாகுதான்னு பருவநிலை மாற்றத்தைப் பத்திப் பேச இந்த மாதிரிக் கணக்கு வேணும். நினைவை நம்ப முடியாது. "இந்த வருஷம் மாதிரி வெயில் பார்த்ததே இல்ல"ன்னு நாம எல்லா வருஷமும்தான் சொல்றோம்.

இந்த ஞாயித்துக்கிழமை செங்கல் ஏத்துற வேலை இருக்கு. அடுத்த எபிசோட் அதனால திங்கள் வரும். அதுக்குள்ள உங்க தெருவுக்கு மதியம் கடற்காத்து எத்தனை மணிக்கு வருதுன்னு பார்த்து, ஏரியா பேரோட வாய்ஸ் நோட் அனுப்புங்க. மயிலாப்பூர்க்காரங்க பன்னெண்டு மணிக்கே அனுப்பிடுவீங்கன்னு தெரியும். போரூர், வளசரவாக்கம் ஆளுங்களுக்காக நான் வெயிட் பண்றேன்.