பழுது பார்த்தவனுக்குப் பந்தயம் உண்டு



பந்தயத்தில் பழுதான காரைச் சரிபண்ணி மறுபடியும் ஓட விடலாமா, கூடாதா? தலைப்பைப் பார்த்ததும் என் மனைவி கேட்டாங்க, “தமிழ் வாத்தியாருக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?” நியாயம்தான். என்கிட்ட இருக்கிறது ஒரு பழைய ஸ்கூட்டர். சாய்ச்சு உதைச்சாத்தான் கிளம்பும். தினமும் பழுதாகி, தினமும் பந்தயத்துக்குத் திரும்புகிற வண்டி அது. அந்தத் தகுதியில பேசுறேன். (சிரிப்பு)

எதிரணியில் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. “அடிபட்ட வண்டியிலிருந்து ஒரு துண்டு கழன்று விழுந்தா, பின்னால வர்றவன் உயிருக்கு யார் பொறுப்பு?” இது சிரித்து ஒதுக்குகிற கேள்வி இல்லை. மணிக்கு முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு ஓர் இரும்புத் துண்டு துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். அமெரிக்காவில் ‘நாஸ்கார்’ பந்தயத்தில் 2017ஆம் ஆண்டு ஒரு விதி கொண்டுவந்தார்கள். மோதலில் அடிபட்ட வண்டியை பிட் பாதையில் ஐந்து நிமிடத்துக்குள் சரிபண்ண வேண்டும். பட்டறைக்குள் கொண்டு போனால் அன்றைக்கு அதன் கதை முடிந்தது. அம்மா இதை அழகா சொன்னாங்க. ஆனா பாதியில நிறுத்திட்டாங்க! மீதியை நான் சொல்றேன். அதே நாஸ்கார் 2025ஆம் ஆண்டு தன் முதன்மைத் தொடரில் அந்த விதியைத் தளர்த்தியது. பட்டறைக்குள் போன வண்டியும் சரியானால் திரும்பி வரலாம் என்றது. விதி போட்டவர்களே மனசு மாறிட்டாங்க. நீங்க மட்டும் ஏன் தாயே பிடிவாதமா இருக்கீங்க? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, கார்ப் பந்தயத்தில் ஒரு கொடி இருக்கு. கறுப்புக் கொடி, நடுவில் ஆரஞ்சு வட்டம். வண்டியின் எண்ணோடு சேர்த்துக் காட்டுவார்கள். “உன் வண்டியில் கோளாறு, உடனே உள்ளே வா” என்று பொருள். கோளாறு நீங்கி, சோதிப்பவர் சரி என்றால் மறுபடி ஓடலாம். ஆக, அது ‘வா’ என்கிற கொடி; ‘வீட்டுக்குப் போ’ என்கிற கொடி அல்ல.

ஆபத்து எங்கே இருக்கு? சரிபண்ணின வண்டியிலா? சரிபண்ணாத வண்டியில்! 2005ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதை. கிமி ரைக்கோனன் முதலிடத்தில் ஓடுகிறார். முன்சக்கர டயர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, வண்டியே அதிர்கிறது. உள்ளே வந்து மாற்றினால் முதலிடம் போய்விடும். மாற்றவில்லை. கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் முறிந்து வண்டி பாதையை விட்டுப் பறந்தது. முதலிடமும் போச்சு. உயிர் தப்பியதே பெரிது. நிற்க மறுத்ததுதான் அங்கே குற்றம்.

“நியாயமா ஓடினவனுக்கு இது அநீதி இல்லையா?” என்றும் கேட்டார்கள். பட்டறையில் நிற்கும்போது கடிகாரம் நிற்கிறதா? இல்லையே! இழந்த நேரம்தான் அவனுக்குத் தண்டனை. 2017ஆம் ஆண்டு பிரான்சில் ‘லெ மான்’ 24 மணி நேரப் பந்தயம். இரண்டாம் எண் போர்ஷே வண்டியில் உள்ளே கோளாறு. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பட்டறையில் நின்றது. வெளியே வரும்போது அதன் இடம் 56. ஓடினது அறுபது வண்டி! யாரும் ஒரு நிமிடத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் பழுதாக, இது விடாமல் ஓடி முதலாவதாக வந்தது. (கைதட்டல்)

வண்டியை விடுங்க. மனுஷனுக்கு வர்றேன். 1976 ஆகஸ்ட் 1. அதே நூர்பர்க்ரிங். நிக்கி லாடாவின் கார் மோதித் தீப்பிடித்தது. முகம் வெந்தது, நச்சுப்புகையில் நுரையீரல் கெட்டது. மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கே செய்தார். ஆறே வாரத்தில் அந்த மனிதர் இத்தாலியின் மோன்சாவில் காரில் உட்கார்ந்தார். நான்காவதாக வந்தார்.

“இப்படித் திரும்ப விட்டால் உயிரைப் பணயம் வைப்பாங்களே” என்பீர்கள். கேளுங்க. அதே வருஷம் ஜப்பானில் கடைசிப் பந்தயம். கொட்டுகிற மழை. இரண்டே சுற்றில் லாடா தானாக நிறுத்தி இறங்கினார். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் ஜேம்ஸ் ஹன்டுக்குப் போனது. திரும்பி வரத் தெரிந்தவனுக்கு நிறுத்தவும் தெரிந்திருந்தது. அடுத்த வருஷம் 1977இல் அவரே மறுபடி உலக சாம்பியன்.

மணி அடிச்சுட்டீங்க, ஒரு நிமிஷம். என் சொந்தக் கதை ஒன்று.

1986இல் நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் 31 மார்க். ஃபெயில். அப்பா ஒண்ணும் திட்டலை. “நாளையிலிருந்து மளிகைக் கடைக்கு வந்துடு”ன்னார். அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பையன் பந்தயத்திலிருந்து வெளியே. அம்மாதான் என் கையைப் பிடிச்சு, கணக்கு வாத்தியார் வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிப் போனாள். “பையன் பழுதாயிட்டான் சார், பார்த்துக் கொடுங்க” என்றாள். அவர் காசு வாங்காமல் நான்கு மாதம் சொல்லிக் கொடுத்தார். அக்டோபர் தேர்வில் யாரும் எனக்கு இலவச மார்க் போடலை. அதே தேர்வு, அதே கணக்கு. 58 வாங்கினேன்.

அந்த மறுதேர்வு இல்லையென்றால், இந்த மேடையில் முனைவர் பட்டத்தோடு நிற்கிற ஆள் இன்றைக்குப் பருப்பு நிறுத்துக்கிட்டு இருப்பான். பருப்பு நிறுப்பது இழிவில்லை. என் அப்பா செய்த தொழில். ஆனால் ஒரு தடவை விழுந்ததுக்காகவே கதவைச் சாத்துவது நியாயமில்லை.

ஆகவே நடுவர் அவர்களே, அப்படியே ஓட விடச் சொல்லலை. நிறுத்துங்கள், பழுது பாருங்கள், சோதியுங்கள். சரியில்லை என்றால் உள்ளேயே வையுங்கள். சரியாகிவிட்டதா? அப்புறம் வழி மறிக்காதீர்கள். வீட்டில் ஃபெயிலான பிள்ளை இருந்தால், இன்றைக்கு ராத்திரி அதுக்கும் இதே தீர்ப்பைச் சொல்லுங்கள். (நீண்ட கைதட்டல்)